செத்தவள் பாடிய கடைசி வரி

செத்துப்போனவர்கள் போன் செய்வதில்லை. அன்று காலை வரை டீச்சர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியை தண்ணீர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். பல்கலைக்கழக மொழியியல் துறையின் தலைவி; அது அவருடைய அறை. மேடை ஏறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற பேச்சு என்று பேர் வாங்கியவர். இப்போது சொன்னதையே திரும்பச் சொல்ல வார்த்தைகளைத் தேடினார்.

"காலையில பத்து மணி வாக்குல அடிக்கும். எடுத்தா யாரும் பேச மாட்டாங்க. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் ஒரு பொம்பளை பாடுவா. அந்தக் குரலை நான் ரெண்டு வருஷமா தினம் கேட்டுக்கிட்டிருக்கேன் டீச்சர். அது டேப்புல இருக்கிற குரல். அவ செத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"நம்ம சொந்தக்காரங்க உயிரோட இருக்கிறப்பவே போன் பண்றதில்ல," என்றான் ஜன்னலோரம் நின்றிருந்த ஒட்டடை. "இந்தம்மா செத்தும் பண்றாங்கன்னா ரொம்ப நல்ல மனசு."

உயரமாக வளர்கிற அவசரத்தில் அகலத்தை மறந்துவிட்ட உடம்பு அவனுக்கு. பெயர் வந்ததும் அதனால்தான். பத்து வருடம் ஆயுள் காப்பீடு விற்று, சாவைப் பற்றியே பேசிப் பேசி, அதன்மேல் இருந்த மரியாதை மொத்தமும் போய்விட்டது. இப்போது டீச்சருக்கு உதவியாளன். டீச்சர் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். துப்பறிகிற தொழிலுக்கு வந்த பிறகும் ஊரில் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிடவில்லை.

டீச்சர் எழுந்து அறையைச் சுற்றி வந்தார். யாரோ கல்லெறிந்து உடைத்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. மேஜைமேல் கம்ப்யூட்டர் பத்திரமாக இருந்தது. அலமாரியின் நடுத்தட்டில் மட்டும் தூசிக்கு நடுவே சுத்தமான ஒரு சதுரம்.

"இங்கதான் டேப் இருந்துதா?"

"டேப்பும் அதை ஓட்டுற பழைய மெஷினும். போன வாரம் மத்தியானம் சாப்பிடப் போயிட்டு வந்து பாக்குறேன், ரெண்டும் இல்ல. வாக்குச் சபைக்காரங்க வேலைதான். வேற யாரு?"

வாக்குச் சபையை டீச்சருக்குத் தெரியும். ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. முன்னொரு காலத்தில் ஏழு ஆண்கள் கடல்வழியே வந்தார்கள். நடுக்கடலில் ஆண்டவனே அவர்களுக்கு ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்தான். அது மனித வாயில் பிறக்காத மொழி. அந்த ஏழு பேரின் வம்சம் நாங்கள் என்பது சபையாரின் நம்பிக்கை. தினமும் காலையில் ஆண்கள் கூடி மத்தியானம் வரை அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். பெண்களுக்கு அது கற்றுத்தரப்படுவதில்லை. வாரத்தில் ஒருநாள் திரைக்குப் பின்னால் நின்று கேட்கலாம்.

"ஏழு ஆம்பளைங்க மட்டும்தான் வந்தாங்களா?" என்றான் ஒட்டடை. "அப்போ எட்டாவது ஆள் எப்படிப் பொறந்தான்?"

பேராசிரியை முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சிரிப்புக்குக் கேட்டீங்க. என் ஆராய்ச்சியே அதுதான். வந்தவங்க இங்க உப்பளத்துல வேலை செஞ்ச பொம்பளைங்களோடதான் குடும்பம் நடத்தியிருக்கணும். அந்தப் பாட்டு ஆண்டவன் பாஷை இல்ல. உப்பளத்து ஜனங்களோட பாஷை. இன்னிக்கு அதைப் பேச ஒருத்தர்கூட இல்ல. அந்த ஜனங்களையே தீட்டுன்னு சொல்லித் துரத்திட்டாங்க. துரத்துனதும் இதே சபைதான்."

"டேப்?"

"அறுபது வருஷத்துக்கு முன்னாடி இங்க வேலை பார்த்த ஒருத்தர் உப்பளத்துக்குப் போய் ஒரு பொம்பளையைப் பாட வெச்சுப் பதிவு பண்ணியிருக்கார். சொல்லுக்குச் சொல் சபையோட பாட்டு. அர்த்தத்தையும் கேட்டு எழுதி வெச்சிருக்கார். பின்னால அவ உப்புக் கொட்டகையிலயே செத்துப்போனான்னும் எழுதியிருக்கார்."

கம்ப்யூட்டரில் இருந்த நகலை ஓட்டினார். வயதான குரல் இல்லை. இளம் பெண்ணின் குரல், தொண்டையில் கொஞ்சம் உப்பு படிந்த மாதிரி. பாஷை புரியாவிட்டாலும் டீச்சருக்குக் கைகளில் மயிர்க்கூச்செடுத்தது. யாரையோ மடியில் போட்டுக்கொண்டு, வாசலையே பார்த்தபடி பாடுகிற குரல் அது. சட்டென்று நின்றுவிட்டது.

"இதுக்கு அர்த்தம் இதுதான்," என்று பேராசிரியை மெல்லச் சொன்னார். "அலை தணியும்வரை உறங்கு. படகேறி வந்தவன் உன்னைத் தூக்கிப் போவான். என் மடி உப்பில் காயும். இது பிரார்த்தனை இல்ல டீச்சர், பிள்ளையைப் பறிகொடுத்தவளோட ஒப்பாரி. வெள்ளிக்கிழமை அரங்கத்துல இதை வாசிக்கப் போறேன். அசல் டேப் இல்லாம வாசிச்சா நானே யாரையோ பாட வெச்சுப் பொய் சொல்றேன்னு சபை சொல்லும். அது இல்லாம பல்கலைக்கழகம் அரங்கத்தையும் கொடுக்க மாட்டேங்குது."

"நகல் இவ்வளவுதானா?"

"பாட்டு மட்டும் ஏத்தினேன். முன்னாடி பின்னாடி இருந்த இரைச்சலை வெட்டிட்டேன். ஆனா போன்ல வர்ற பாட்டு இந்த எடத்துல நிக்கிறதில்ல. இன்னும் ஒரு வரி போகும். அந்த வரி எனக்கே தெரியாது. அதான் பயமா இருக்கு."

"டேப்பை ஓடவிட்டு போன்ல காட்டுறாங்களோ என்னவோ," என்றான் ஒட்டடை.

"மெஷின் ஓடாதே. பெல்ட் அறுந்து ஒரு மாசமாச்சு. அதோட சேர்த்துத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, மடப்பசங்க."

டீச்சர் தூசிச் சதுரத்தைப் பார்த்தபடியே நின்றார். அப்போது மேஜைமேல் இருந்த கறுப்புத் தொலைபேசி அலறியது. பல்கலைக்கழக எக்ஸ்சேஞ்ச் வழியாக வருகிற பழைய இணைப்பு. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வழியில்லை. பேராசிரியை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

டீச்சர் எடுத்துக் காதில் வைத்தார்.

மூச்சு. பிறகு அந்தக் குரல். கொஞ்சம் தேய்ந்திருந்தது; ஆனால் அதே வளைவு, அதே உப்பு. மூன்று வரிகள் முடிந்தன. நான்காவது வரி மற்றதைப்போல் இல்லாமல் மேலே எழும்பியது, தூரத்தில் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி.

பாட்டு முடிந்ததும் டீச்சர் சாதாரணமாகக் கேட்டார். "அம்மா, மெஷினுக்கு பெல்ட் போட்டுட்டீங்களா?"

எதிர்முனையில் மூச்சு நின்றது. போன் வைக்கப்பட்டது.

"பேயா இருந்தா பதில் சொல்லியிருக்கும்," என்றார் டீச்சர். "மாட்டிக்கிட்ட மனுஷங்கதான் போனை வைப்பாங்க."

"எப்படி டீச்சர் கண்டுபிடிச்சீங்க?" என்றான் ஒட்டடை.

"அழிக்க வந்தவன் டேப்பை மட்டும் எடுத்துட்டுப் போய் அடுப்புல போடுவான். கம்ப்யூட்டரையும் ஒரு போடு போட்டுட்டுப் போவான். ஓடாத மெஷினையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போனவங்களுக்கு அந்த டேப்பைக் கேக்கணும். கெட்டுப்போன மெஷினைத் தூக்கிட்டுப் போறவனை ரிப்பேருக்குன்னு நெனச்சு யாரும் நிறுத்தவும் மாட்டாங்க. இன்னொண்ணு, பத்து மணிக்கு சபையோட ஆம்பளைங்க எல்லாரும் பிரார்த்தனைக் கூடத்துல இருப்பாங்க. அந்த நேரத்துல வீட்டுல தனியா இருக்கிறது யாரு?"

"பொம்பளைங்க. ஆனா அவங்களுக்குப் பாட்டே தெரியாதே?"

"அப்படின்னு ஆம்பளைங்க சொல்றாங்க. வா, பெல்ட் யார் போட்டாங்கன்னு பாப்போம். மேடம், நீங்களும் கிளம்புங்க. உங்க பேயை நீங்கதான் அடையாளம் காட்டணும்."

சுருள்நாடா மெஷினைத் தொடத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். மேம்பாலத்துக்கு அடியில், செல்போன் உறைகள் தோரணமாகத் தொங்கும் கடை. ரேடியோ மெக்கானிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்தார்.

"ஆமாங்க, வந்துது. டிரைவர்தான் தூக்கிட்டு வந்தார். சபையோட வண்டி, கண்ணாடியில முத்திரை ஒட்டியிருந்துதே. பெல்ட் போட்டு ஓடவிட்டுப் பாத்தேன். பாட்டு வந்துது, அப்புறம் ஒரு கைக்குழந்தை அழுதுச்சு. சரி, ஓடுதுன்னு நிறுத்தினேன். வண்டிக்குள்ள ஒரு வயசான அம்மா உக்காந்திருந்தாங்க போல. கதவைத் தெறந்துக்கிட்டு எறங்கி ஓடி வந்தாங்க. 'நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க'ன்னு. நடுரோட்டுல வண்டிங்க எல்லாம் பிரேக் போட்டுடுச்சு."

"குழந்தையா? அந்த டேப்புல குழந்தை இல்லையே," என்றார் பேராசிரியை. சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது.

"சபை வண்டின்னா தலைவர் வீடு," என்றான் ஒட்டடை. "டீச்சர், எனக்குக் கல்யாணம்கூட ஆகலை. அந்த வீட்டு வாசல்ல அடி வாங்கிச் செத்தேன்னா என் பாலிசியை வாங்கிக்கக்கூட ஆள் இல்ல."

"அப்போ சாகாத."

தலைவரின் வீடு பிரார்த்தனைக் கூடத்தை ஒட்டி இருந்தது. நீளமான நடை, வரிசையாகச் சாத்திய கதவுகள். அடுத்த கட்டடத்திலிருந்து ஆண்களின் பாட்டு சுவர் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. நூறு தொண்டைகள் அர்த்தம் தெரியாமல் பாடின: உறங்கு, உறங்கு. மூன்றாவது வரியோடு பாட்டு நின்று, கனமான ஒரு மௌனம் இறங்கியது.

மணியை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்தது. தலை நரைத்து, முதுகு கூனாத ஒரு பெண்மணி.

"பெல்ட் போட்டாச்சும்மா," என்றார் டீச்சரிடம். "உள்ள வாங்க."

பேராசிரியை படியிலேயே நின்றுவிட்டார். அதே குரல்.

சபைத் தலைவரின் அக்கா அவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியின் குடும்பத்தோடே இருந்துவிட்டவர். மூவரையும் சமையலறைக்குக் கூட்டிப் போனார். பாத்திர அலமாரிக்குக் கீழே, துண்டு போட்டு மூடி மெஷின் இருந்தது.

"ரேடியோவுல இவங்க பேட்டி. அடுப்புல உலை கொதிச்சிட்டிருந்துது. இவங்க ஏதோ பேசிட்டு, இதைக் கேளுங்கன்னு கொஞ்சம் ஓடவிட்டாங்க. எங்கம்மா பாடினா. அறுபது வருஷத்துக்கு அப்புறம், என் சமையல்கட்டுல. உலை பொங்கி அடுப்பு அணைஞ்சதுகூட எனக்குத் தெரியலை."

"உங்க அம்மாவா?" என்றார் பேராசிரியை.

"அப்பா அப்போ சபைத் தலைவர். உப்பளத்துப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து வெச்சிருந்தார். அவ எந்த ஊர்ப் பொண்ணுன்னு வெளியில சொன்னதில்ல. நான் பொறந்து, ரொம்ப வருஷம் கழிச்சுத் தம்பி பொறந்தான். ஆம்பளைப் பிள்ளை வந்தாச்சு, இனி அம்மா எதுக்குன்னு சபையில பேச்சு கெளம்பிடுச்சு. அம்மா எங்க ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு உப்பளத்துக்கு ஓடிட்டா. அங்கதான் ஒரு சார் பெட்டியோட வந்து பாடச் சொன்னார். மறுநாள் அப்பாவோட ஆளுங்க வந்தாங்க. எங்களை மட்டும் கூட்டிட்டு வந்தாங்க. அம்மா செத்துட்டான்னு ஊருக்குச் சொன்னாங்க."

விசையை அழுத்தினார். சுருள் சுழன்றது.

பாட்டு வந்தது. மூன்று வரி. நகல் நின்ற இடத்தில் இது நிற்கவில்லை. குழந்தை ஒன்று சிணுங்கி, வீறிட்டு அழுதது. அம்மா "ச்சூ, ச்சூ" என்றாள். அவள் விட்ட இடத்திலிருந்து ஒரு சிறுமி நான்காவது வரியை எடுத்துப் பாடினாள், மேலே எழுப்பி. அம்மா சிரித்தாள். பிறகு வெறும் காற்று.

"இரைச்சல்னு நெனச்சேன்," என்றார் பேராசிரியை. "குழந்தைங்க சத்தம் குறுக்க வருதுன்னு... நானே வெட்டினேன். போன்ல கேட்டப்பகூட எனக்கு ஞாபகம் வரலையே."

"திட்டத்தான் போன் பண்ணுவேன். பாதியில நிறுத்தாதீங்கன்னு சொல்லத்தான். எடுத்ததும் பேச்சு வராது, பாட்டுதான் வரும்."

"டேப்பை நேர்ல வந்து கேட்டிருக்கலாமே," என்றார் டீச்சர்.

"தலைவரோட அக்கா கேட்டா எரிக்கத்தான் கேக்குறான்னு நெனச்சிருக்க மாட்டாங்களா?"

அப்போதுதான் ஒட்டடை டீச்சரின் தோளைத் தொட்டான். நடையில் சபைத் தலைவர் நின்றிருந்தார். பிரார்த்தனை அங்கி இன்னும் தோளில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

"அந்தக் குழந்தை..." என்றார்.

"நீதான் தம்பி. பால் பத்தாம அழுவே."

அவர் சமையலறைக்குள் வந்தார். "இத்தனை வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"திரைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க பேசக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

தலைவர் பேராசிரியையின் பக்கம் திரும்பினார். கோபமா கெஞ்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "நீங்க வெள்ளிக்கிழமை வாசிச்சுட்டுப் போயிடுவீங்க. கை தட்டுவாங்க. சனிக்கிழமை காலையில என் ஜனங்க எந்திரிச்சு எதைப் பாடுவாங்க? பொண்டாட்டி செத்தவன், பிள்ளை ஓடிப்போனவன், எல்லாரும் அந்தப் பாட்டைப் பிடிச்சுக்கிட்டுதான் எந்திரிக்கிறான். அது ஒப்பாரி, உங்க தாத்தன் பிள்ளை பிடிக்கிறவன்னு சொல்லிட்டா, அவன் எதைப் பிடிச்சுக்குவான்?"

"பொய்யைப் பிடிச்சுக்கச் சொல்றீங்களா?" என்றார் பேராசிரியை. ஆனால் அந்தக் கேள்வியில் காலையில் இருந்த வேகம் இல்லை.

"அவங்க சொல்றதும் பாதிதான், நீ சொல்றதும் பாதிதான்," என்றார் அக்கா. "கடைசி வரிக்கு அர்த்தம் தெரியுமா ரெண்டு பேருக்கும்? அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தா. 'போன இடத்தில் இதைப் பாடு, குரல் பிடித்து வந்துவிடுவேன்.' தம்பி, மூணு வரி பாடிட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கிறீங்களே, ஆண்டவனுக்கு மட்டும் தெரிஞ்ச வரின்னு. அது இதுதான். பறிச்சுட்டு வந்த பிள்ளைங்க, அம்மா வந்து கண்டுபிடிப்பான்னு பாடியிருக்கு. அதுங்க பிள்ளைங்களும் பாடியிருக்கு. எதுக்குன்னு மறந்துபோச்சு. ஆனா ஒருநாள்கூட நிறுத்தலை பாரு."

சபைத் தலைவர் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். மெஷினைக் காட்டி, இன்னொரு முறை என்பதுபோல் விரலை அசைத்தார்.

டீச்சர் பேராசிரியையைத் தனியே அழைத்தார். "திருட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க. திருடினவங்க அவங்க. புகார் எழுதறீங்களா?"

பேராசிரியை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். திரும்பிப் போய் அக்காவின் முன்னால் நின்றார். "வெள்ளிக்கிழமை இதை முழுசா ஓடவிடணும். நீங்க வரணும்மா."

"அவ வர மாட்டா," என்றார் தலைவர், தரையிலிருந்தே.

"வருவேன்," என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அரங்கத்தில் நிற்க இடமில்லை. வாசலில் போலீஸ். முன்வரிசைகளில் சபையின் ஆண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு இறுகிய முகத்தோடு இருந்தார்கள். பெண்கள் வழக்கம்போலப் பின்னால். எதற்கும் இருக்கட்டும் என்று ஒட்டடை வெளியே போகிற வழிக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்திருந்தான்.

கடைசி நிமிடத்தில் சபைத் தலைவர் வந்தார், அக்காவோடு. இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அரங்கம் சலசலத்து அடங்கியது.

பேராசிரியை ஒப்பாரி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. பிள்ளைகள் பறிக்கப்பட்டதை மறைக்கவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டார். அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தப் பெண் மங்கிய வெளிச்சத்தில் பாடினாள். குழந்தை வீறிட்டது.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பருத்த உடம்பு, சபையின் செயலாளர். "என்ன நாடகம் இது? யார் வீட்டுக் குழந்தையையோ அழவெச்சு..."

"உக்காரு," என்றார் சபைத் தலைவர் திரும்பாமலே. "அழறது நான்."

நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் எழுந்து வெளியே போனார்கள். போகும்போது ஒருவன் தலைவரின் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான். அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை. செயலாளர் மட்டும் உட்காராமல் வாயைத் திறந்தபடி நின்றார். டேப்பில் சிறுமி நான்காவது வரியை எடுத்தாள்.

அது சிறுமி ஒருத்தியின் குரலாக இல்லை.

டீச்சருக்கு முதலில் எதிரொலி என்று தோன்றியது. பிறகு திரும்பிப் பார்த்தார். பின்வரிசைகளில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிழவிகள், நடுவயதுக்காரிகள், மடியில் பிள்ளையோடு இருந்தவர்கள். அத்தனை பேரின் வாயிலும் அந்த வரி மேலே எழும்பியது, பிசகாமல்.

முன்வரிசை ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். செயலாளர் தன் மனைவியின் உதடுகளைப் பார்த்தார். பின்வரிசைக்கு நடந்து போய் அவளிடம் கேட்டார்:

"உனக்கு... உனக்கு எப்படி இது தெரியும்?"

அந்தப் பெண் அவரை வியப்போடு பார்த்தாள்.

"மூணு பிள்ளையைத் தூங்க வெச்சேனே," என்றாள். "என்ன பாடுறேன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"